பட்டினி போட்டா வயித்துக்குள்ள இருக்குற கிருமி செத்துடுமா?

போன வீடியோவுக்கு கீழ ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, "சார், வயித்தால போனா எங்க பாட்டி ஒரு நாள் பூரா பட்டினி போட்டுடுவாங்க, நாம சாப்பிடலன்னா கிருமிக்கும் சாப்பாடு கிடைக்காது, தானா செத்துடும்பாங்க, இது சரியா"ன்னு. ரெண்டு நாளா இதேதான் மண்டைக்குள்ள ஓடுது, ஏன்னா பாட்டி சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. தீனி இல்லன்னா பாக்டீரியா பெருகாது, வாஸ்தவம்தான். ஆனா பெருகாம இருக்குறதும் சும்மா இருக்குறதும் ஒண்ணா? நம்ம வீடியோவ ரொம்ப நாளா பாக்குறவங்களுக்கு தெரியும், நான் எப்பவும் சொல்றதுதான், பசிச்ச கிருமிகிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்.

கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசீல்னு ஒண்ணு இருக்கு. ஆன்டிபயாடிக் போட்டு பெருங்குடல்ல இருக்குற நல்ல பாக்டீரியா எல்லாம் காலியானதும் வந்து உக்காந்துக்கும். நான் படிக்கும்போது லேப்ல இத வளத்து, டாக்சின், அதாவது கிருமி கக்குற விஷம், வருதான்னு பாக்க சொன்னாங்க. நான் ஒரு அவசரக்குடுக்கை, காலைல போட்டத மத்தியானமே எடுத்து பாத்தேன், டியூப் நல்லா கலங்கிருக்கு, கிருமி ஜோரா வளருது, டாக்சின்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. மறுநாள் அதே டியூப்ல தீனி தீர்ந்து வளர்ச்சி நின்னு போச்சு, இப்ப பாத்தா டாக்சின் கொட்டுது! பக்கத்து பெஞ்ச் பையன் நல்லா வளரட்டும்னு குளுக்கோஸ் சேத்து போட்டிருந்தான், அவன் டியூப்ல டாக்சின் ரொம்ப கம்மி. அன்னைக்கு ரெண்டு பேருமே திட்டு வாங்கினோம், அது வேற கதை.

என்ன நடக்குதுன்னா, அந்த கிருமிக்குள்ள காட்-ஒய்னு ஒரு புரதம் இருக்கு. லியூசின், ஐசோலியூசின், வேலின் மாதிரி அமினோ அமிலம், அதாவது புரதத்தோட செங்கல், எல்லாம் தாராளமா இருக்குற வரைக்கும் அது டாக்சின் செய்ய விடாம அமுக்கி வச்சிருக்கும், அது எல்லாம் குறைஞ்சதும் பிடி விட்டுடும். டாக்சின் வெளிய வந்து குடல் செல்லை உடைக்கும், உடைஞ்ச செல்லுல இருந்து ஒழுகுறது கிருமிக்கு சாப்பாடு. நமக்கு வயித்தால போறது, அதுக்கு பந்தி.

இரும்புச்சத்தும் இப்படித்தான். 1897ல ஜப்பான்ல சீதபேதி பரவி 90,000 பேருக்கு மேல படுத்தாங்க, அப்ப கியோஷி ஷிகா கண்டுபிடிச்ச கிருமிதான் ஷிகெல்லா. அதோட டாக்சின் இரும்பு குறைஞ்சாத்தான் ஜாஸ்தியா வரும். நம்ம உடம்பு லாக்டோஃபெரின் மாதிரி புரதத்த வச்சு இரும்ப கிருமி கைல சிக்காம பூட்டி வைக்குது இல்லையா, அதனால இரும்பு கிடைக்கலன்னா கிருமிக்கு என்ன அர்த்தம், "மனுஷன் உடம்புக்குள்ள வந்துட்டோம்". பஞ்சம்ங்கறது அதுக்கு ஊர் பேர் போட்ட போர்டு மாதிரி.

ஆனா தங்கச்சி, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வியே வேற. நம்ம நல்ல பாக்டீரியாவ பட்டினி போட்டா என்ன ஆகும்? 2016ல ஒரு ஆய்வு வந்துச்சு, எலி குடல்ல மனுஷ குடல் பாக்டீரியா 14 வகைய மட்டும் குடியேத்தி, நார்ச்சத்தே இல்லாத தீனி போட்டாங்க. திங்க நார் இல்லன்னதும் அதுங்க குடல் சுவர்ல இருக்குற சளிப்படலத்தையே அரிச்சு தின்னுடுச்சு. படலம் மெலிஞ்ச பிறகு சிட்ரோபாக்டர்னு ஒரு எலிக்கிருமிய விட்டா, அது நேரா சுவர்ல போய் ஒட்டி, நார் தின்ன எலிங்கள விட இதுங்கதான் ரொம்ப மோசமா படுத்துச்சு. கீரை, அவரைக்காய், முழு பயறுன்னு நான் ஓயாம கத்துறது இதுக்குத்தான்.

சரி, பாட்டி விஷயத்துக்கு வரேன். நீங்க ஒரு நாள் சாப்பிடலன்னா கிருமி சாகாது, உங்களுக்குத்தான் தெம்பு போகும். ஓ.ஆர்.எஸ். கலக்கி குடிச்சிட்டே இருங்க, முடிஞ்ச அளவு இட்லி, கஞ்சின்னு சாப்பிடுங்க, கைக்குழந்தைன்னா தாய்ப்பால நிறுத்தவே கூடாது. ரத்தம் கலந்து போச்சுன்னா என் வீடியோவ பாத்துட்டு உக்காராதீங்க, டாக்டர்கிட்ட கிளம்புங்க. அடுத்து தயிர் பத்தி ஒருத்தர் கேட்டிருக்காரு, இருங்க ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கறேன்.