ஆடிக்காற்றில் காய்ந்த விறகு

நெல்லை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தவசுப்பிள்ளை, அதாவது கல்யாணச் சமையல்காரன், ஒருத்தனைப் பேசக் கூப்பிட்டால் நம்ம தேங்காய்ப்பால் குழம்பான சொதியைப் பற்றித்தான் கேட்பார்கள். சொதி கடைசியில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது விறகைப் பற்றி. கல்யாண வீடுகளில் கோட்டை அடுப்புக்கு முன்னால் நாற்பது வருஷம் நின்றவன் நான். உப்புக் கூடிப்போனால் சரிக்கட்டிவிடலாம். சொன்னதற்கு மேல் நூறு பேர் வந்துவிட்டாலும் சமாளித்துவிடலாம். ஈர விறகு வந்து இறங்கினால் மட்டும் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நம்ம ஊரில் என்ன பெரிய குளிர் என்று கேட்பீர்கள். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று மேலே ஏறினால் சால்வை வேண்டும். கீழே பாளையங்கோட்டையில் தோளில் கிடக்கிற துண்டே போதும். ஆனால் விறகுக்குக் குளிர்காலம் வேறு. ஐப்பசியில் அடைமழை பிடித்து, பத்து நாள் வெயில் முகமே காணாமல், சுவரெல்லாம் ஓதம் ஏறி, ஜாடியில் கல்லுப்பு நீர்விட்டுக் கிடக்கும் பாருங்கள், அதுதான் விறகின் குளிர்காலம். மார்கழிப் பனி வரைக்கும் அது நீளும். சில வருஷம் பொங்கல் பானை வைக்கிற அன்றைக்கும் விடாது. இந்த நாட்களில் விறகு கிடைக்காமல் நான் தவித்ததே இல்லை. விறகு இருக்கும். எரியாது.

ஏன் எரியாது? மழையில் நனைந்ததை நான் சொல்லவில்லை. மேலே நனைந்த கட்டை அடுப்புப் பக்கத்தில் சாத்தி வைத்தால் உலர்ந்துவிடும். நான் சொல்வது உள்ளே இருக்கிற தண்ணீர். புதிதாக வெட்டின பச்சை மரத்தில் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீராகவே இருக்கலாம். பத்துக் கிலோ பச்சை விறகு வாங்கினால் ஐந்து கிலோ தண்ணீரைத் தராசில் வைத்துக் காசு கொடுத்து வாங்குகிறோம். அந்தத் தண்ணீர் முழுக்க ஆவியாகிப் போன பிறகுதான் உங்கள் பானைக்குச் சூடு வரும். என் மகள் பௌதிகம் படித்தவள், அவள் கணக்குப் போட்டுச் சொன்னாள்: தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகிற சூட்டைப் போல ஏழு மடங்குக்கு மேல் வேண்டுமாம், அதை ஆவியாக்க. நமக்குக் கணக்கு வேண்டாம். ஈர விறகை அடுப்பில் வைத்தால் பின்முனையில் நுரை கட்டி, ‘ஸ்ஸ்’ என்று எச்சில் ஒழுகும், பார்த்திருப்பீர்கள். அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பு விறகைத்தான் வேகவைத்துக் கொண்டிருக்கிறது, சோற்றை இல்லை.

விறகு காய்ந்ததா இல்லையா என்று சட்டென்று பார்க்க நல்ல வழி காது. வானொலிக்கு வருகிறேனே என்று இரண்டு ஜோடி கட்டை கொண்டுவந்திருக்கிறேன். இது காய்ந்த ஜோடி.

(இரண்டு கட்டைகள் மோதும் ஒலி)

‘டண்’ என்கிறது, கேட்டதா? இது போன வாரம் வெட்டினது.

(மறுபடி ஒலி)

ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி ‘சொத்’ என்கிறது. இந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது சேரன்மகாதேவிப் பக்கத்தில் ஒரு ஆச்சி. அந்தக் கதையைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. மாமாவுக்குக் காய்ச்சல், நான் தனியாக ஏற்ற முதல் கல்யாணம். ஐப்பசி முகூர்த்தம். முதல் நாள் சாயங்காலம் ஒரு வண்டி விறகு வந்தது, மேலே தார்ப்பாய் போட்டு, பார்க்க லட்சணமாக. உள்ளே பாதி பச்சை. மிச்சப் பாதிக்கு எடை கூட்டத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். எந்தக் கடை என்று சொல்லமாட்டேன், இப்போது அந்தக் கடையே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஐநூறு பேர். ஏழு மணிக்கு உலை வைத்தேன். எட்டரைக்கும் கொதி வரவில்லை. புகையில் மாப்பிள்ளை வீட்டாரெல்லாம் கண்ணைத் துடைக்கிறார்கள், பெண்ணைப் பிரிகிற துக்கம் போல. அப்போது பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

“ஏ தவசுப்பிள்ள, சோத்தை வேக வைக்கியா, ஊரை வேக வைக்கியா?”

“விறகு ஈரம் ஆச்சி.”

“காஞ்ச விறகு எங்கிட்ட கெடக்கு. ஆனா அது எனக்குல்லா.”

“உங்களுக்கா?”

“பொறவு? நான் இப்படி ஒரு ஐப்பசியில போனேன்னு வையி, எம் மக்கமாரு நனஞ்ச விறகை வச்சு என்னை அரைவேக்காடா விட்டுட்டு வந்திருவானுவ. அதான் ரெண்டு வருசமா தொழுவத்துப் பரண்ல சேத்து வச்சிருக்கேன்.”

பெண்ணின் அப்பா முகம் சுருங்கிவிட்டது. கல்யாணச் சமையலுக்கு அந்த விறகா? ஆச்சி அசரவில்லை. “நான் இன்னும் சாகலியே அண்ணாச்சி. அதுவரைக்கும் அது வெறும் புளிய விறகுதான்.”

அறுபத்திரண்டு கட்டை. ஒவ்வொன்றாக எண்ணித்தான் கொடுத்தாள். பிளந்து போட்ட புளிய மரம். வெட்டுமுனையில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு, பட்டை தானாகக் கழன்று வருகிறது, கையில் எடுத்தால் கனமே இல்லை. அடுப்பில் வைத்த பத்தாவது நிமிஷம் உலை கொதித்தது. சித்திரையில் நான் அறுபத்திரண்டு கட்டையைத் திருப்பிக் கொண்டுபோய் இறக்கினேன். திண்ணையில் உட்கார்ந்து இரண்டிரண்டாக எடுத்துத் தட்டிப் பார்த்தாள். ஐந்தைத் தூக்கி என் பக்கம் எறிந்தாள். “இது என்னை எரிக்காதுடே.” அதற்குப் பிறகு ஆச்சி ஒன்பது வருஷம் இருந்தாள். போனது நல்ல பங்குனி வெயிலில்.

அந்தப் பரண் விறகு என்ன ஆயிற்று என்றா? அதற்குள் நான் மூன்று தடவை கடன் வாங்கியிருந்தேன்.

சரி, நேரம் ஓடுகிறது. விறகை எப்போது வாங்குவது? இதைத்தான் நான் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துக் கிடக்கிறேன். மழைக்காலத்து விறகை மழைக்காலத்தில் வாங்கக்கூடாது. பங்குனி, சித்திரையில் வெட்டின மரத்தை வாங்குங்கள், வாங்கினதும் பிளந்துவிடுங்கள். பட்டை போட்ட உருட்டுக்கட்டைக்குள் இருக்கிற ஈரம் அவ்வளவு லேசில் வெளியே வராது. வெயிலை விட எனக்குக் காற்றின் மேல்தான் நம்பிக்கை. மேற்கே குற்றாலத்தில் சாரல் விழுகிற நாட்களில், மழையை மலை அங்கேயே வாங்கிக்கொள்ள, கிழக்கே நமக்கு வறண்ட காற்றுதான் வருகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. விறகிலிருந்து ஈரம் பறப்பதைத் தராசு வைத்தே பார்த்திருக்கிறேன். ஒரு கட்டையில் சுண்ணாம்பால் குறி போட்டு வாரம் ஒருதடவை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது எந்த வாரம் நிற்கிறதோ அந்த வாரம் விறகு தயார். ஆவணிக்குள் அது முடிந்துவிட வேண்டும், புரட்டாசியில் கூரைக்குள் போய்விட வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், புரட்டாசி.

அடுக்கும்போது நேராகத் தரையில் போடாதீர்கள், கறையான் விடாது. அடியில் செங்கல்லோ பழைய பனங்கட்டையோ கொடுங்கள். தலைக்கு மட்டும் மூடி போடுங்கள், பக்கம் நாலும் திறந்திருக்கட்டும். தார்ப்பாயால் சுற்றி இறுக்கிக் கட்டினால் உள்ளே புழுங்கிப் பூசணம் பூத்துவிடும். எடுக்கும்போது காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எடுங்கள். தேள் இருக்கும், சுருட்டை விரியனும் இருக்கும். நான் ஒருதடவை வாங்கியிருக்கிறேன், நல்லவேளை தேளோடு போயிற்று.

எந்த மரம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடைமரம், சீமைக்கருவேலம், புளி மூன்றும் நின்று எரியும், நல்ல கங்கு விழும். சீமைக்கருவேலத்தைத் திட்டாத ஆள் இல்லை, நானும் திட்டுவேன், அடுப்புக்கு முன்னால் மட்டும் திட்டமாட்டேன். தென்னையின் கொதும்பு, சில்லாட்டை, பனை ஓலை எல்லாம் பற்றவைக்க. ஒரு சாக்கு எப்போதும் அடுப்படியில் காய்ந்து கிடக்கட்டும். முருங்கை வேண்டாம், பஞ்சு. அரளி வேண்டவே வேண்டாம், அதன் புகையே விஷம். பெயிண்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டமும் வேண்டாம்.

காஸ் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த அன்று, பிடித்த மழையை நம்மில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் பாதையே இல்லை, சிலிண்டர் எங்கிருந்து வரும்? எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். தட்டட்டி அறையில், அதாவது மொட்டைமாடி அறையில், ஒரு இரும்புச் சட்டியில் அடுப்பு மூட்டி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பரண் விறகில் மூன்று நாள் கஞ்சி வைத்தோம். எட்டு வீட்டுக்கு. என் மருமகள் அந்த விறகை அதற்கு முந்தின மாதம்தான் பழைய சாமான்காரருக்குப் போடப் பார்த்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம் போலிருக்கிறது. கரி எடுப்பது, சாம்பலை என்ன செய்வது என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேன், போகட்டும். சொதியை விட்டால் வீட்டுக்குள் விடமாட்டார்கள். காய், பாசிப்பருப்பு எல்லாம் மூன்றாம் பாலில் வேகட்டும், இரண்டாம் பாலை ஊற்றி ஒரு கொதி. அதற்குப் பிறகு விறகை எல்லாம் வெளியே இழுத்துவிடுங்கள். வெறும் கங்கு. அதில்தான் முதல் பால். ஓரத்தில் நுரை கூடினதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சை இறக்கின பிறகு, சூடு கொஞ்சம் அடங்கினதும். சிரட்டையைப் போட்டு எரித்துவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள், அது குப்பென்று...

விரல் ஒன்றாகிவிட்டது. இஞ்சிப் பச்சடி இன்னொரு நாள். வணக்கம்.