அழுத பிள்ளைக்குப் பால், விரல் சூப்பும் பிள்ளைக்கு?

(போன ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஆலய மண்டபத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியது. வேலை காரணமாக வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதிப் போடுகிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, விடுமுறை நாளையும் பார்க்காமல் ஈப்போவிலிருந்து வந்திருக்கும் பல் மருத்துவர் அம்மா அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, காலை ஆறு மணியிலிருந்து அடுப்படியில் நிற்கும் மாதர் பிரிவு அக்காமார்களே, சட்டமன்ற உறுப்பினர் சார்பில் வந்திருக்கும் தம்பி அவர்களே, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பழைய மண்டோர் ஐயா அவர்களே. ஐயாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த வட்டாரத்தில் எந்த லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எந்தக் குடும்பம் இருந்தது என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார். அவர் வந்தது எனக்குப் பெரிய பலம்.

பிள்ளைகள் விரல் சூப்புவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்தி சொல்கிறேன்: ஏன் சூப்புகிறார்கள், எப்போது கவலைப்பட வேண்டும், எப்படி நிறுத்துவது. அதற்கு முன்னால், என் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நான் எங்கே போனாலும் ஒரு பழமொழியைக் கையோடு கொண்டு போவேன். அழுத பிள்ளை பால் குடிக்கும். இன்றைக்கும் அதுதான்.

முதல் செய்தி. விரல் சூப்புவது பிறந்த பிறகு படிக்கிற பழக்கம் என்று நினைக்காதீர்கள். வயிற்றில் நான்காவது மாதம் நடக்கும்போதே பிள்ளை கட்டைவிரலை வாயில் வைப்பதை ஸ்கேனில் பார்க்கலாம். பால் குடித்துப் பிழைக்க வேண்டிய உயிர், சப்பிப் பழகிக்கொண்டேதான் வெளியே வருகிறது. அப்புறம் பசி, தூக்கம், பயம், அலுப்பு, அம்மா பக்கத்தில் இல்லாத நேரம், எது வந்தாலும் அந்த விரல்தான் ஆறுதல். நியூசிலாந்தில் டனிடின் நகரத்தில் 1972, 73இல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளை இன்றுவரை பின்தொடர்ந்து வருகிறார்கள். அதில் விரல் சூப்பியவர்களுக்கும் நகம் கடித்தவர்களுக்கும் பதின்மூன்று வயதில் தோல் பரிசோதனையில் ஒவ்வாமை குறைவாக இருந்தது என்று 2016இல் எழுதினார்கள். அதற்காகப் பிள்ளையைச் சூப்பச் சொல்லுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பெரிய பாவம் நடந்துவிட்டதுபோல வீட்டில் கத்த வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது செய்தி. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் தானாகவே விட்டுவிடுவார்கள். நான்கைத் தாண்டியும் நாள் முழுக்கச் சூப்பினால், அதுவும் கன்னம் குழி விழுகிற மாதிரி இழுத்துச் சூப்பினால், பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு வயதில் நிலைப்பல் முளைக்க ஆரம்பிக்கும். அப்போதும் விரல் வாயிலேயே இருந்தால் மேல்பல் முன்னால் தள்ளும், கீழ்ப்பல் உள்ளே சாயும், வாயை மூடினாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் நாக்கு நுழைந்து பேச்சும் குழறும். இதை மருத்துவர் அம்மா என்னைவிட நன்றாக விளக்குவார், கேள்வி இருப்பவர்கள் தேநீர் நேரத்தில் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது செய்திக்கு வருவதற்கு முன்னால் என் தங்கை கதையைச் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

நான் இரண்டாம் வகுப்பு படித்த நேரம். அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுக்கப் போவார்கள். விடிவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், அதனால் ஐந்து மணிக்கெல்லாம் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நிற்க வேண்டும். இருட்டிலேயே தங்கையைத் துணியில் சுற்றி தோட்டத்துப் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். அவள் அழ மாட்டாள். வலது கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி தொட்டிலில் கிடப்பாள். அந்த விரல் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது, ஊறிப்போய் வெள்ளையாக, கணுவுக்கு மேலே பல் பட்ட இடத்தில் மட்டும் காய்த்துப்போய். மூன்று வயதாகியும் விடவில்லை. எங்கள் அப்பாயி முதலில் வேப்பெண்ணெய் தடவினார், அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே அதையும் சூப்பித் தீர்த்தாள். அப்புறம் ஒருநாள் ராத்திரி, அவள் தூங்கிய பிறகு, அம்மிக் கல்லில் ஒட்டியிருந்த மிளகாய் விழுதை எடுத்துத் தடவிவிட்டார். அவள் தூக்கத்தில் கண்ணைக் கசக்கினாள். பிறகு கேட்க வேண்டுமா? லயமே எழுந்துவிட்டது. அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓட, நான் பின்னால் டார்ச் லைட்டோடு ஓட, அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் சாரத்தோடு வந்து கதவைத் திறந்து கண்ணைக் கழுவிவிட்டு, இனி பிள்ளை கையில் மிளகாயைப் பார்த்தால் கிழவியைத்தான் கட்டிப் போடுவேன் என்று சத்தம் போட்டார். அப்பாயி அன்றைக்கு அழுத அழுகையைத் தங்கைகூட அழவில்லை.

மறுநாள் ஆயா விஷயத்தைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. பத்து மணிக்குப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுக்கும்போது, அந்தத் தகர டின்னைத் தூக்கி என் தங்கையிடம் கொடுத்து, ‘நீதான் பிடிச்சுக்கணும், நீதான் எல்லாருக்கும் நீட்டணும்’ என்றார். அவள் வயிற்றைவிடப் பெரிய டின், இரண்டு கையும் வேண்டும். அன்றிலிருந்து தினமும் அவள்தான் பிஸ்கட் அக்கா. தொட்டில் ஆட்டுவது, துணி மடிப்பது என்று ஆயா ஒவ்வொரு வேலையாகக் கொடுத்தார். பகலில் விரல் மறந்துபோனது. ராத்திரி மட்டும் கொஞ்ச நாள் இருந்தது, பள்ளிக்கூடம் போவதற்குள் அதுவும் போய்விட்டது. திட்டு இல்லை, அடி இல்லை. இன்று அவளுக்கு மூன்று பேரப்பிள்ளைகள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொன்னேன்? அந்த ஆயா இருந்ததால்தான் என் தங்கைக்கு அது நடந்தது. இன்றைக்கு நம் டவுனில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வந்தது, பெண்கள் விடிகாலையில் தொழிற்சாலை பஸ் ஏறி ஈப்போ பக்கம் மெங்கிளம்புக்கும் ஜெலப்பாங்குக்கும் போகிறார்கள். பிள்ளைகள்? முழங்கால் வலிக்கிற பாட்டியிடம், இல்லாவிட்டால் கைத்தொலைபேசி முன்னால். விரல் சூப்பும் பிள்ளை சத்தம் போடாது. அதனால் நமக்கும் தெரியாது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்றால், அழாமல் விரலைச் சூப்பிக்கொண்டு கிடக்கிற பிள்ளையை யார் தூக்குவது?

பிள்ளைக் காப்பகம் யாரும் போடுகிற பிச்சை இல்லை. தோட்டத் தொழிலாளர் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் 1990ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைக் காப்பகத்தையும் சேர்த்தே சொல்கிறது. தாஸ்கா என்கிற பிள்ளைக் காப்பகம் நடத்துவதற்கென்றே 1984இல் தனிச் சட்டம் வந்தது, நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்காக. விரல் சூப்புகிற வயதும் அதேதான், கவனியுங்கள். சட்டம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிற கட்டடமும் இருக்கிறது. கேட்கிற ஆள்தான் இல்லை. இந்த ஊரில் பிறந்து மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளி என்று கட்டித் தோட்டத்தையே வாங்கியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். நாம் ஒரு கட்டடத்தின் சாவியைக் கேட்கத் தயங்குகிறோம்.

மூன்றாவது செய்தி பாக்கி இருக்கிறது என்று தலைமையாசிரியை கையைக் காட்டுகிறார். மன்னிக்க வேண்டும் டீச்சர், நேரம் போய்விட்டது, பிஸ்கட் டின் கதையிலேயே பாதி வந்துவிட்டது, மீதியை மருத்துவர் அம்மா சொல்வார்.

வாசல் பக்கம் மேசையில், அந்தக் கட்டடத்தைக் காப்பகத்துக்குக் கேட்கிற மனு இருக்கிறது. பெயர், அடையாள அட்டை எண், வீட்டில் நான்கு வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், அவ்வளவுதான். தம்பி அதை நாளைக்கே சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்துக்குக் கொண்டு போகிறார். அழுத பிள்ளை பால் குடிக்கும், அதனால் வெட்கப்படாமல் எழுதுங்கள். இன்று ராத்திரி ஷிப்டுக்குப் போகிற அம்மாமார்கள் முதலில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டைக் கட்டி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மற்றவர்கள் கொஞ்சம் வழி விடுங்கள். நன்றி, வணக்கம்.