நாய் வாய் திறக்கும் வரை

(நூலகத்தின் மாதாந்திரக் குழந்தைகள் திரையிடலுக்குப் பிறகு பெற்றோர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளைப் பக்கத்து அறைக்குப் படம் வரைய அனுப்பிவிட்டு நம்மை மட்டும் இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று பேசுவதற்குப் பெரியவர்கள் மட்டும் கூடியிருக்கிறோம். நான் சொல்ல வந்த விஷயமே இதுதான் என்பதால் இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன மாதம் இதே ஹாலில் ‘அப்’ படம் போட்டோம். 2009-இல் பிக்சார் என்ற அமெரிக்க அனிமேஷன் நிறுவனம் எடுத்தது, பீட் டாக்டர் இயக்கியது. பிரான்சில் நடக்கும் கான் திரைப்பட விழாவைத் தொடங்கிவைத்த முதல் அனிமேஷன் படம் அது. ஆஸ்கரில் அனிமேஷனுக்கும் இசைக்கும் விருது வாங்கியது, சிறந்த படத்துக்கான போட்டியிலும் இருந்தது. அற்புதமான குடும்பப் படம் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் என்றால் யார்? கான் விழா அரங்கில் பால்பல் விழாதவர் ஒருவராவது இருந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

படத்தின் ஆரம்பத்தில் ஒரு பகுதி வரும். சுமார் நான்கு நிமிடம், ஒரு வார்த்தைகூடப் பேச்சு இல்லை. கார்லும் எல்லியும் கல்யாணம் பண்ணிக்கொள்கிறார்கள், பழைய வீட்டுக்கு வர்ணம் அடிக்கிறார்கள். புல்தரையில் படுத்து மேகங்களைப் பார்க்கிறார்கள். மேகமெல்லாம் குழந்தைகளாகத் தெரிகிறது. தொட்டில் அறை தயாராகிறது. அடுத்த காட்சி மருத்துவரின் அறை, எல்லி முகத்தைப் பொத்திக்கொண்டு இருக்கிறாள். அப்புறம் பயணத்துக்காக ஒரு கண்ணாடி ஜாடியில் காசு சேர்க்கிறார்கள். டயர் வெடிக்கிறது, ஜாடி உடைகிறது. காலில் அடிபடுகிறது, மறுபடி உடைகிறது. தலை நரைத்துவிடுகிறது. கடைசியில் ஒற்றை பலூனோடு கார்ல் மட்டும் வீட்டுக்குள் போகிறார்.

சுவரோரம் நின்றிருந்த அப்பாக்கள் அப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான். முன்வரிசையில் என்ன நடந்தது தெரியுமா? ஐந்து வயதுப் பையன் ஒருவன் ஷூவின் ஒட்டுப்பட்டையைப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தான். சர்ர்ரக். ஒட்டு. சர்ர்ரக். நான்கு நிமிடமும் இதே வேலை. அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, “அந்த ஆன்ட்டி எங்க?” என்றான். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “சாமிகிட்ட போயிட்டாங்க” என்றார். “எப்ப வருவாங்க?”

வீடு பலூன்களோடு கிளம்பியபோது அந்தச் சத்தம் கொஞ்சம் நின்றது. பிறகு திரும்பவும் சர்ர்ரக். அரை மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு, டக் என்கிற நாய் வந்து கழுத்துப்பட்டை வழியாகப் பேச ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது “அணில்!” என்று சட்டென்று தலையைத் திருப்பும், பாருங்கள், அங்கேதான் ஹால் மொத்தமும் வெடித்தது. வில்லன் நாயின் கழுத்துப்பட்டை கெட்டுப்போய்க் கீச்சுக் குரலில் அது மிரட்டுகிற இடத்தில் இரண்டு பேர் தரையில் உருண்டார்கள். நம் பையன் ஷூவை மறந்தே போனான். அவன் கணக்கில் படம் அப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. பிள்ளைக்குப் படம், டிக்கெட் எடுப்பது நாம். கூட உட்கார்ந்திருக்கும் பெரியவர் நெளியாமல் இருந்தால்தான் அடுத்த படத்துக்கும் அழைத்துவருவார். அதனால் படம் எடுப்பவர்கள் ஒரே உறைக்குள் இரண்டு கடிதம் வைக்கிறார்கள், பிள்ளைக்கு ஒன்று, நமக்கு ஒன்று. நமக்கு வந்ததைப் படித்துக் கண்ணீர்விட்டு, இதுதான் பிள்ளைக்கும் வந்த கடிதம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

எடுப்பவர்களுக்கும் பிள்ளைகளின் மனசைப் பற்றிக் கவலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2015-இல் அதே பீட் டாக்டர் எடுத்த ‘இன்சைட் அவுட்’ படத்தில், குட்டிப் பெண் புரோக்கலியைப் பார்த்து முகம் சுளிப்பாள். ஜப்பானியக் குழந்தைகள் புரோக்கலியை அப்படி வெறுப்பதில்லை, அங்கே எதிரி பச்சைக் குடைமிளகாய். அதனால் ஜப்பானுக்குப் போன பிரதியில் அந்தக் காட்சியையே மாற்றி வரைந்தார்கள். (நம் வீடுகளுக்கு வரைந்தால் பாகற்காய்தான், சந்தேகமே இல்லை.)

அப்படியானால் சோகம், நிதானம் எல்லாம் பிள்ளைகளுக்கு ஆகாது, நாய் பேசினால் போதும் என்கிறேனா? இல்லை. 1988-இல் வந்த ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. நான்கு வயது மேய் தோட்டத்தில் தனியாக விளையாடுகிறாள். தண்ணீருக்குள் தலைப்பிரட்டையைப் பார்க்கிறாள், கீழே கிடக்கும் ஓக் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறாள், புல்லுக்குள் எதுவோ நடந்து போக அதன் பின்னாலேயே போகிறாள். பெரியவருக்கு இதில் கதையே இல்லை. அதைப் போட்ட மாதம் அந்தக் காட்சியில் முன்வரிசை அசையவில்லை. ஏனென்றால் அது அவர்கள் தினமும் செய்கிற வேலை, அவர்கள் உயரத்திலிருந்தே காட்டப்படுகிறது. ‘அப்’பின் அந்த நான்கு நிமிடம் ஒரு வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறது. திரும்பிப் பார்க்க ஐந்து வயதுக்காரனிடம் என்ன இருக்கிறது?

எட்டு, பத்து வயதில் கணக்கு மாறுகிறது. கார்லோடு வருகிற ரஸ்ஸல் எட்டு வயதுப் பையன். கூடாரம் கட்டத் தெரியாது என்கிறான். அப்பாவைக் கேட்க வேண்டியதுதானே என்றால், ஃபில்லிஸ் அப்பாவைத் தொந்தரவு செய்யாதே என்கிறாள் என்கிறான். அம்மாவைப் பெயர் சொல்லியா கூப்பிடுவாய் என்று கார்ல் கேட்க, “ஃபில்லிஸ் என் அம்மா இல்லை” என்பான். அவ்வளவுதான் வசனம், விளக்கம் இல்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் பிள்ளை வாயில் போட்ட கடலைமிட்டாயை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தாள். நம்மில் யாரும் அழாத இடம் அது. அவளுக்கு அங்கே என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை; கேட்கக் கூடாது என்றும் தோன்றியது.

அதனால் படம் முடிந்ததும் “பிடிச்சுதா?” என்று கேட்காதீர்கள். “ம்ம்” என்றுதான் பதில் வரும். அவன் எதற்கு ஷூவை விட்டான், எப்போது தண்ணீர் கேட்டான், எந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னான் என்று பாருங்கள். கதையைச் சொல்லச் சொன்னாலும் தெரிந்துவிடும்.

அந்தப் பையனிடம் நான் கதை கேட்டேன். “ஒரு தாத்தா வீட்டோட பறந்து போனாரு. நாய் பேசுச்சு. அப்புறம் வீடு தொலைஞ்சு போச்சு.” எல்லி இல்லவே இல்லை. ஆனால், கதையில் வீடு இருந்தது. முடிவில் அந்த வீடு மேகத்துக்குள் அமிழ்ந்து காணாமல் போகும், கார்ல் போகட்டும் என்று விட்டுவிடுவார். எல்லாம் முடிந்து பெயர்கள் ஓடுவதற்கு முன், அது அருவியின் உச்சியில், எல்லி ஆசைப்பட்ட அதே இடத்தில், போய் உட்கார்ந்திருப்பதை ஒரே ஒரு காட்சியாகக் காட்டுவார்கள். நாமெல்லாம் அப்போது நாற்காலியை மடக்கிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அவன் என் சட்டையை இழுத்துக் கேட்டான்: “வீடு அங்க இருக்குன்னு தாத்தாவுக்குத் தெரியுமா?”