ஒன்றே காலணாவும் கடவுளும்

அவைத்தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, வணக்கம்.

கற்பனை வளம் மிக்க நவீன எழுத்தாளர்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கற்பனை என்றாலே நிலாவையும் மேகத்தையும் எடுத்துக்கொண்டு மேடையேறுவது நம் வழக்கம். நான் ஒன்றே காலணாவோடு வந்திருக்கிறேன்.

1943-இல் கலைமகள் இதழில் புதுமைப்பித்தன் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எழுதினார். கடவுள் சென்னைக்கு வருகிறார், அதுதான் கதை. ஆனால் கதை கடவுளிடம் தொடங்கவில்லை. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தியில் நின்று கந்தசாமிப் பிள்ளை கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் ஒன்றே காலணா. மிஞ்சுகிற காலணாவுக்கு வெற்றிலை பாக்குப் போடலாம். பஸ்ஸில் ஏறி, கண்டக்டரை ஏமாற்றி, சென்ட்ரல் தாண்டியபின் டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி குடிக்கலாம், வெற்றிலை கிடையாது. இந்த தர்மசங்கடம் தீருவதற்குள் ஒருவர் வந்து திருவல்லிக்கேணிக்கு எப்படிப் போவது என்று வழி கேட்கிறார். அவர்தான் கடவுள். ஒளிவட்டம் இல்லை, ‘பிடி வரத்தை’ என்ற வற்புறுத்தல் இல்லை.

வாசகனாக நான் மாட்டிக்கொள்வது இங்கேதான். டிராம் கட்டணத்தைக் காலணா சுத்தமாகச் சொல்லும் மனிதர் கடவுளைப் பற்றியும் பொய் சொல்லமாட்டார் என்று மனம் நம்பிவிடுகிறது. எவ்வளவு பெரிய தந்திரம்! பிறகு ஓட்டலில் காப்பியின் ருசியைக் கடவுள் தம்முடைய லீலை என்கிறார். பிள்ளை விடுவாரா? ஓட்டல்காரன் சேர்த்த சிக்கரியின் லீலை என்கிறார். தம் சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கேட்கும்போது ‘யாருடைய ஜீவியம்?’ என்ற கேள்வி எழுகிறது. பத்திரிகை அழிவில்லாததாம், ஆகவே சந்தாதாரரின் ஆயுள்தான் கணக்காம். கேட்கிறவர் பிள்ளை, கொடுக்கிறவர் கடவுள்! நாத்திகம் என்று இதை ஒதுக்கியவர்களும் உண்டு, பக்தி என்று அணைத்துக்கொண்டவர்களும் உண்டு. இரண்டு பேரும் சிரிக்க மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

கடவுளின் நடனம் ஒரு ரசிகப் பெருமானுக்குத் தெருக்கூத்தாகத் தெரிகிற இடத்தை மட்டும் வீட்டில் உரக்கப் படித்துப் பாருங்கள். சங்கீத சபா பக்கம் போகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பது நல்லது.

இதே தந்திரத்தை 1981-இல் சுந்தர ராமசாமி வேறு மாதிரி செய்தார். ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ ஒரு மரணச் செய்தியோடு தொடங்குகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்த மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று, மலையாள எழுத்தாளன் ஜோசப் ஜேம்ஸ் தன் 39-ஆவது வயதில் இறந்துபோகிறான். காம்யு உண்மை, தேதி உண்மை; அந்த இரண்டின் தோளிலும் கைபோட்டுக்கொண்டு இல்லாத ஒருவன் உள்ளே வந்துவிடுகிறான். கால்பந்து ஆடியவன் என்கிறார். அவனுடைய நாட்குறிப்பைக் கொடுக்கிறார். படைப்புகளின் பட்டியலைப் பின்னிணைப்பாகவே சேர்த்துவிடுகிறார். முதல் முறை படித்தபோது அந்த மலையாளப் புத்தகங்களைத் தேடிப் பிடித்துவிடலாம் என்றே நினைத்தேன். இதில் எனக்குத் துணையாகப் பலர் இங்கேயே உட்கார்ந்திருப்பீர்கள். கைதூக்கச் சொல்லமாட்டேன்.

அந்த நாவலில் ஜே.ஜே. ஒரு தமிழ் வாசகனிடம், கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தை மனதில் வைத்து, சிவகாமி அம்மாள் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்று விசாரிப்பான். ஒரு கேள்வியில் ஒரு காலகட்டத்து ரசனையே ஆட்டம் கண்டுவிட்டது. கல்கியை விரும்பிப் படிக்கிறவன் நான். எனக்கும் வலித்தது, சிரிப்பும் வந்தது.

நகுலன் இவர்களுக்கு நேர் எதிர். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். விவரம் தந்து நம்பவைக்கும் வேலையே அவரிடம் இல்லை, இருக்கிற விவரத்தையும் பிடுங்கிக்கொள்வார். ஒரு கவிதையில் ஒருவரிடம் ராமச்சந்திரனா என்று கேட்கிறார், அவரும் ஆமாம் என்கிறார். எந்த ராமச்சந்திரன் என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கவிதை முடிந்தது. இதில் என்ன இருக்கிறது என்று முன்பு நானும் பக்கத்தைப் புரட்டியவன்தான். கல்யாண வீட்டிலோ பஸ் நிலையத்திலோ பெயரைச் சரிபார்த்துவிட்டு ஆளைத் தெரிந்துகொள்ளாமலே எத்தனை பேரிடம் பேசி முடித்திருக்கிறோம்! அந்த நினைப்பு வந்த பிறகு கவிதை என்னை விடவில்லை. சுசீலா என்றொரு பெண் அவர் எழுத்தெல்லாம் வந்து போவாள். அவள் யார் என்று துப்பறியக் கிளம்புகிறவர்களுக்கு என் அனுதாபம்.

மௌனியைச் சொல்லாமல் இறங்கினால் அடிப்பீர்கள். மொத்தமே இருபத்துச் சொச்சம் கதைகள் எழுதியவர், அவரைச் சிறுகதையின் திருமூலர் என்று புதுமைப்பித்தனே சொன்னார். அவருக்குத் தனிக் கூட்டம் போடுங்கள், வருகிறேன்.

எதில் தொடங்குவது என்று மாணவர்கள் சிலர் வாசலிலேயே கேட்டார்கள். கந்தசாமிப் பிள்ளையில் தொடங்குங்கள், பிறகு புதுமைப்பித்தனின் ‘காலனும் கிழவியும்’ படியுங்கள். அதில் எமனையே ஒரு கிழவி திணறடிக்கிறாள். இரண்டுக்கும் ஒரு மணி நேரம் தாராளம். ஜே.ஜே.யைப் பரீட்சை முடிந்தபிறகு எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் எடுத்தால் பரீட்சைக்கு நான் பொறுப்பில்லை.

நன்றி, வணக்கம்.