அகராதி மெலிகிற நாடு

(கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரி ஆங்கில மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வெயிலில் அலையவிடாமல் கார் அனுப்பி அழைத்துவந்த முதல்வர் அம்மையார் அவர்களே, மாங்காய் வரத்து மும்முரமாக இருக்கும் நேரத்திலும் மண்டியை விட்டுவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். நகர்மன்ற உறுப்பினர் வழியில் வந்துகொண்டிருக்கிறாராம். அவருக்கு உரிய வணக்கத்தைத் தனியே எடுத்துவைத்திருக்கிறேன்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: நாவலை எப்படி வாசிப்பது, சொல்வளத்தை எப்படிப் பெருக்குவது, தேர்வில் எப்படி எழுதுவது. மூன்றுக்கும் என்னிடம் உள்ள மருந்து ஒன்றே: அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

உங்கள் பாடம் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. பிகாரின் மோதிஹாரியில் பிறந்தவர் 1949இல் வெளியிட்ட நாவல். அதில் வரும் டெலிஸ்க்ரீன், வீட்டுக்குள் இருந்தபடியே ஆளை வேவு பார்க்கும் திரை. இதை எனக்குப் புரியவைத்தவர் விமர்சகர் எவரும் இல்லை, என் பழைய மாணவி ஒருத்தி.

அவளுடைய அப்பாவுக்கு நெடுஞ்சாலை ஓரம் டீக்கடை. ஜாடியில் இருந்த முறுக்கு கணக்கில்லாமல் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் கடைச்சுவரில் 'சர்வைலன்ஸ்', அதாவது கண்காணிப்பு, என்று பெரிய ஆங்கில எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. அன்று காலைதான் வகுப்பில் அந்தச் சொல்லை நோட்டில் எழுதியிருந்தாள். துள்ளிக் குதித்து, "அப்பா, கேமரா எங்கே?" என்று கேட்டாள். அவர் வாயில் விரல் வைத்து, "மெதுவாகப் பேசம்மா! பலகைக்குத்தான் காசு இருந்தது" என்றார். முறுக்கு திருட்டு அன்றோடு நின்றது! இதில் வேடிக்கை என்னவென்றால், கடைப் பையனும் தன் பங்குக்கு எடுப்பதை நிறுத்திவிட்டான். மறுநாள் வகுப்பில் எழுந்து, "ஐயா, எந்த நொடியில் பார்க்கிறார்கள் என்று தெரியாததால்தான் நாவலின் நாயகன் வின்ஸ்டன் எந்த நேரமும் முகத்தை அடக்கிவைத்திருக்கிறான்" என்றாள். அதற்குமேல் நான் என்ன பாடம் நடத்துவது?

அந்தச் சொல்லை அவள் இனி மறப்பாளா? வழி அதுதான். தெரியாத சொல்லுக்கெல்லாம் நின்றால் நாவல் முடியாது. அடிக்கோடு இட்டு, ஊகித்து, மேலே போங்கள். அத்தியாயம் முடிந்ததும் அகராதியைத் திறந்து, உங்கள் ஊரை வைத்தே ஒரு வாக்கியம் எழுதுங்கள். பத்துச் சொல் போதும். அம்மி நகரும்.

ஆனால் அகராதி எங்கே இருக்கிறது? அந்த நாவலில் வரும் அரசு, அகராதியைப் பதிப்புக்குப் பதிப்பு மெலியவைக்கிறது. சொல்லே இல்லாதபோது எதிர்த்து நினைக்கவும் முடியாது என்பது அரசின் கணக்கு. நம் ஊரில் அகராதி தடிமனாகத்தான் இருக்கிறது, பூட்டிய அலமாரிக்குள். நீங்கள் பஸ் பிடித்து ஊர்போய்ச் சேரும் முன்பே நூலகத்தைச் சாத்திவிடுகிறார்கள்.

அதோ, உறுப்பினர் வந்துவிட்டார். வணக்கம் ஐயா, உட்காருங்கள், உங்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948இல், பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி சொத்துவரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம். வரி கட்டும் டீக்கடைக்காரரின் மகளுக்கு இரவு எட்டு மணிவரை நூலகம் திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையா? போன ஆண்டும் கேட்டேன், இந்த ஆண்டும் கேட்கிறேன். அடிமேல் அடி!

தேர்வைப் பற்றி உங்கள் பேராசிரியர்களே சொல்வார்கள், எனக்கு மணி அடித்துவிட்டார்கள். மனு வாசலருகே மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டிவைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் போகும் முன் கையெழுத்திடுங்கள். உறுப்பினர் ஐயா, முதல் வரியை உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறோம்.