நெட் வந்தும் ஏன் சண்டை? பெரம்பூர் மாணவியின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி. பெரம்பூர்லேருந்து ஒரு காலேஜ் மாணவி அனுப்பியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன். "இன்டர்நெட் வந்தா சாதி, மதம், நாடு எல்லாம் மறைஞ்சு மனுஷங்க ஒண்ணாயிடுவாங்கன்னு ஸ்கூல்ல கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினேன். ஆனா எங்க குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்புலயே ரெண்டு கட்சி. ஒரு ஃபார்வர்டுக்காகச் சண்டை போட்டு எங்க சித்தப்பா குரூப்பை விட்டே போயிட்டாரு. நான் எழுதினது தப்பா சார்?"

தப்பில்லம்மா. பாதியை எழுதியிருக்கீங்க, அவ்வளவுதான். பரிசை எல்லாம் திருப்பித் தர வேண்டாம்.

கம்பி விஷயத்தை முதல்ல முடிச்சிடுறேன். கடலுக்கு அடியில வர்ற கேபிள் பல நம்ம சென்னைக் கரையிலதான் ஏறுது. 2020 ஆகஸ்ட்ல இங்கேருந்து போர்ட் பிளேருக்கும் மத்த அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டுத் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி அந்தமான்காரங்க சாட்டிலைட்டை நம்பிக்கிட்டு இருந்தாங்க. 2024 கணக்குப்படி உலகத்துல இன்னும் சுமார் 260 கோடி பேருக்கு நெட் கிடையாது. அவங்களுக்கு இணைப்பு போய்ச் சேரணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா உங்க சித்தப்பா வீட்டுல நெட் நல்லாத்தானே வருது? அப்போ சிக்கல் வேற எங்கேயோ இருக்கு.

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா? நீங்க அப்போ சின்னப் பொண்ணா இருந்திருப்பீங்க. எங்க தெரு திருவான்மியூர்ல கொஞ்சம் மேடு, அதனால தப்பிச்சோம். நெட் விட்டு விட்டு வந்துச்சு. யாரோ முகம் தெரியாத பசங்க ஆன்லைன்ல ஒரு பட்டியல் திறந்து வச்சிருந்தாங்க. ஏரியா, எத்தனை பேர், என்ன வேணும், ஃபோன் நம்பர், போய்ச் சேர்ந்துச்சா இல்லையா, இவ்வளவுதான் கட்டம். என் வேலை அந்த நம்பருக்கு அடிச்சுக் கேக்குறது. சைதாப்பேட்டையில ஒரு வீடு, ரெண்டாவது மாடி, கைக்குழந்தைக்குப் பால் பவுடர்னு இருந்துச்சு. இருபது தடவைக்கு மேல அடிச்சு ஒரு வழியா அந்த வீட்டுக்காரர் கிடைச்சாரு. "சார், பால் காலையிலயே வந்துடுச்சு, பள்ளிவாசல்லேருந்து பசங்க கொண்டு வந்தாங்க. எங்களை விடுங்க. எதிர் வீட்டுப் பாட்டிக்கு இன்சுலின் தீர்ந்துபோச்சு, அதை எழுதிக்கோங்க"ன்னாரு. பழைய வரியை அடிச்சிட்டுப் பாட்டியை எழுதினேன். அந்தப் பாட்டி என்ன ஆளுங்கன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. பட்டியல்ல அதுக்குக் கட்டமே இல்ல.

இதைச் சொல்லும்போது ஒண்ணை மறைக்கக் கூடாது. அடையாத்துக் கரையில குடிசை போனவங்க நான் பார்த்த பட்டியல்ல ரொம்பக் கம்மி. ஃபோன்ல சார்ஜ் இருந்தவன் பேர்தான் அதுல ஏறுச்சு.

இன்னொண்ணு, தமிழ் விக்கிப்பீடியா. 2003-ல ஆரம்பிச்சது. ஆரம்பத்துலேருந்து ஆயிரக்கணக்குல கட்டுரை எழுதின மயூரநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், அபுதாபியில வேலை பார்த்துக்கிட்டே எழுதினவர். அங்க ஈழத்துக்காரங்களும் நம்ம ஆளுங்களும் ஊர்ப் பேரை எப்படி எழுதுறதுன்னு பக்கம் பக்கமா வாதாடியிருக்காங்க. நமக்கு டொராண்டோ, அவங்களுக்கு ரொறன்ரோ. நானும் ஒரு தடவை "இது என்ன எழுத்துப் பிழை"ன்னு திருத்திட்டேன். அரை மணி நேரத்துல ஒருத்தர் பொறுமையா விளக்கினாரு, அது பிழை இல்ல அண்ணா, எங்கட வழக்கம்னு. எனக்கு முகம் சுருங்கிப்போச்சு. கடைசியில ஒரு பேரைத் தலைப்பா வச்சு, இன்னொரு பேரைத் தேடினாலும் அதே பக்கத்துக்கு வர்ற மாதிரி செஞ்சோம். சண்டை வரத்தான் செஞ்சுது. ஆனா பக்கம் வெளிவந்தாகணுமே, அதனால யாரும் எந்திரிச்சுப் போக முடியல.

இப்போ இன்னொரு பக்கம். 2018 மே மாசம், குலதெய்வக் கோயிலுக்குன்னு திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போன ஒரு சென்னைக் குடும்பம். வழியில குழந்தைங்களுக்குச் சாக்லேட் கொடுத்தாங்க. பிள்ளை பிடிக்கிற கும்பல்னு சொல்லி அடிச்சதுல 65 வயசு அம்மா செத்தே போயிட்டாங்க. அந்தச் சமயம் வாட்ஸ்ஆப்ல ஊர் ஊரா சுத்திக்கிட்டு இருந்த வதந்திதான் காரணம். அந்த வருஷம் ஜூலைல, இந்தியாவுல ஒரு தடவைக்கு அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு வாட்ஸ்ஆப்பே குறைச்சுது. அப்புறம் 2023 மார்ச். வடநாட்டுத் தொழிலாளிகளை இங்க வெட்டுறாங்கன்னு பொய் வீடியோ. ஹோலிக்கு ஊருக்குப் போற கூட்டத்தை சென்ட்ரல்ல எடுத்து, பயந்து ஓடுறாங்கன்னு போட்டாங்க. நம்ம போலீஸ் மறுத்துச் சொல்ல வேண்டியதாச்சு. எங்க பக்கத்து சைட்ல வேலை செஞ்ச பீகார் பசங்க நாலு நாள் வெளியவே வரல. மேஸ்திரிக்குக் காரணமே புரியல. அவனுங்க வீடியோ ஹிந்தி குரூப்புல, இவரு குரூப்புல வேற என்னமோ ஓடிக்கிட்டு இருந்துச்சு.

வித்தியாசம் அங்கதான் இருக்கு. ஃபார்வர்டு யாரைப் பத்திப் பேசுதோ அந்த ஆள் அந்த குரூப்புல இருக்கிறதில்ல, அதனால "அப்படி இல்லப்பா"ன்னு சொல்ல நாதி கிடையாது. பட்டியல்ல அந்த ஆளே ஃபோன் எடுத்தாரு. விக்கிப்பீடியால அவரே வந்து திருத்தினாரு. சேர்ந்து செய்ய ஒரு வேலையும் இருந்துச்சு.

அதனால உங்க சித்தப்பாவைத் திரும்ப குரூப்புல சேர்க்குறதுக்கு முன்னாடி குரூப்புக்கு ஒரு வேலை கொடுங்க. வீட்டுல பழைய கல்யாண ஆல்பம் இருக்கும்ல? ஒரு போட்டோவை எடுங்க, பேர் தெரியாத நாலு பேராவது அதுல நின்னுக்கிட்டு இருப்பாங்க. அவருக்குத் தனியா அனுப்பி, "இடது ஓரத்துல நிக்கிறது யாரு சித்தப்பா?"ன்னு கேளுங்க. பதில் வந்துச்சுன்னா எனக்கும் எழுதுங்க.

சரி, அடுத்த கேள்வி மதுரையிலேருந்து.