நவம்பர் கடைசியில் நியூ ஜெர்சி கடல்: படகுக் கூட்டத்துக்குள் ட்ரோலிங்

வணக்கம். கேமராவைக் கொஞ்சம் திருப்புகிறேன், பின்னால் பாருங்கள். பெல்மார் பக்கம் ஷார்க் ரிவர் முகத்துவாரத்தைத் தாண்டி வெளியே வந்திருக்கிறோம். பார்வை போகும் தூரம் வரை படகுகள். தேங்க்ஸ்கிவிங் வார இறுதி, காற்றும் அடங்கிவிட்டது. வந்தவர்கள் அத்தனை பேருக்கும் வேண்டியது ஒரே மீன்: ஸ்ட்ரைப்டு பாஸ்.

இவ்வளவு பெரிய அட்லாண்டிக்கில் ஏன் எல்லாரும் இந்த ஒரு பட்டையிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறோம்? கரையிலிருந்து 3 கடல் மைல் வரைதான் மாநிலக் கடல். அதைத் தாண்டினால் கூட்டரசின் கடல். அங்கே 1990 முதல் இந்த மீனைப் பிடிக்கத் தடை இருக்கிறது. பிடித்துத் திரும்ப விட்டாலும் குற்றம்தான். ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்று மீனுக்குத் தெரியாது. பங்கர் என்று இங்கே எல்லாரும் சொல்லும் மென்ஹேடன், நம் மத்திக்கு உறவான மீன், அது எங்கே திரளுகிறதோ அங்கே பாஸும் போகும். சேண்ட் ஈல் என்ற மெல்லிய சிறு இரை மீன் வந்தாலும் அப்படித்தான். இரை கோட்டுக்கு வெளியே நகரும் நாளில் மீன் கண்ணுக்குத் தெரிந்தாலும் தொடக் கூடாது. இரை உள்ளே இருக்கும் நாளில் கடற்கரை முழுவதும் இருக்கும் படகுகள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. இன்று அப்படிப்பட்ட நாள்.

பருவமும் முடியப் போகிறது. தண்ணீர் குளிரக் குளிர மீன் தெற்கே இறங்குகிறது, வர்ஜீனியா, வட கரோலினா பக்கம் குளிர்காலத்தைக் கழிக்க. இன்னும் சில வாரங்கள்தான் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் அவசரம். அந்த அவசரத்தில்தான் தகராறு பிறக்கிறது.

ட்ரோலிங் செய்கிறவர்களுக்காக இன்று பேசுகிறேன். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டில் இழுப்பதைத்தான் சொல்கிறேன். நம்மில் பலர் நெஞ்சார நம்பும் ஒரு விஷயம் தவறு: ‘நான் தூண்டில் இழுத்துக்கொண்டிருக்கிறேன், மற்றவர்கள்தான் எனக்கு வழி விட வேண்டும்.’ இல்லை. 1972-ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளை எடுத்துப் பாருங்கள். வலை போடும் படகு மீன்பிடிப் படகு என்ற சலுகையைப் பெறுகிறது. ட்ரோலிங் செய்யும் படகுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. சட்டத்தின் கண்ணில் நாம் சாதாரண இயந்திரப் படகுதான். குறுக்கே வரும் படகு உங்கள் வலப்பக்கத்தில் இருந்தால் நீங்கள்தான் விலக வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். பின்னால் 300 அடி கம்பி தொங்குகிறது என்பது உங்கள் தலைவலி, எதிரே வருபவருடையது அல்ல.

அந்த 300 அடிக் கம்பியைப் பற்றியே பேசுவோம், எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. இந்தக் கரையில் பங்கர் ஸ்பூன், அதாவது பங்கர் மீன் போல ஆடும் பெரிய உலோகத் தகடு, இழுப்பவர்கள் தலைமுறைகளாக உலோகக் கம்பியைத்தான் தூண்டில் நரம்பாகப் பயன்படுத்துகிறார்கள். கணக்கு எளிது: சுமார் 10 அடி கம்பி விட்டால் ஸ்பூன் 1 அடி ஆழம் போகும். 30 அடி ஆழம் வேண்டும் என்றால் 300 அடி விட வேண்டும். ஆளில்லாக் கடலில் இதற்கு ஈடு இணை இல்லை. அந்தப் பெரிய தகடு தண்ணீருக்குள் ஆடும் ஆட்டத்தை நான் மனதார விரும்புகிறேன். ஆனால் இன்றைய கூட்டத்தில் 300 அடி என்றால் உங்கள் படகுக்கும் ஸ்பூனுக்கும் நடுவே தாராளமாக இரண்டு படகுகள் புகுந்துவிடும். ஒருவருடைய புரொபெல்லரில் கம்பி சுற்றிக்கொண்டால் அவருடைய நாளும் போயிற்று, உங்களுடையதும் போயிற்று. இந்தக் குளிர் நீரில் எஞ்சின் நின்றுபோன படகு விளையாட்டான விஷயம் அல்ல.

அதனால் கூட்ட நாளில் நான் மோஜோதான் போடுகிறேன். இதோ, கையில் பிடித்துக் காட்டுகிறேன். கனமான ஈயத்தலை, பின்னால் ரப்பர் மீன். இது ஏறத்தாழ 900 கிராம், அது 450 கிராம். பின்னல் நரம்பில் கட்டினால் எடையே அதைக் கீழே கொண்டுபோய்விடும், நீளமாக விட வேண்டியதில்லை. கனமானது படகுக்கு அருகில் ஆழத்தில் ஓடும், லேசானது சற்றுத் தள்ளி மேலே ஓடும். இரண்டே தூண்டில். ஆறு கம்பு கட்டி முள்ளம்பன்றி போல வரும் படகுகளையும் இன்று பார்க்கிறேன். இந்த நெரிசலில் அவர்களால் திரும்பவே முடியாது.

திரும்புவதில்தான் இருக்கிறது சூட்சுமம். படகு இடப்பக்கம் வளைந்தால் இடப்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து ஆழத்தில் இறங்கும், வலப்பக்கத் தூண்டில் வேகம் கூடி மேலே ஏறும். உள்வளைவில் மீன் கடித்தால் அவை இன்று மெதுவான இரையைக் கேட்கின்றன என்று பொருள். வெளிவளைவில் கடித்தால் கொஞ்சம் வேகம் கூட்டுங்கள். நான் 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகத்தில் தொடங்கி அதிலிருந்து அரை அரையாக மாற்றிப் பார்ப்பேன். சட்டென்று வெட்டித் திரும்பினால் உள்வளைவுத் தூண்டில் தரையில் உட்கார்ந்து மற்றதோடு சிக்கிக்கொள்ளும். அகலமாக, பொறுமையாகத் திரும்புங்கள்.

திசை? ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருப்பவர்கள் எந்தப் பக்கம் போகிறார்களோ அந்தப் பக்கமே சேர்ந்துகொள்ளுங்கள். இன்று காலை முதல் எல்லாரும் வடக்கிலிருந்து தெற்காக இறங்கி, வெளிப்பக்கமாகச் சுற்றி மேலே ஏறுகிறார்கள். நானும் அந்தச் சுற்றில், ஆனால் ஓரத்தில். மையத்தில் எஞ்சின் இரைச்சல் தலைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது, மீன் ஆழத்துக்குப் போகிறது, பக்கவாட்டிலும் நகர்கிறது. ஒலி அனுப்பி நீருக்கடியில் மீனைக் காட்டும் என் எக்கோ சவுண்டரில் நல்ல அடையாளங்கள் எல்லாம் கூட்டத்தின் வெளி விளிம்பில்தான் தெரிகின்றன.

அங்கே ஒரு படகு பறவைக் கூட்டத்தைப் பார்த்ததும் முழு வேகத்தில் மீன் திரளின் நடுவே பாய்கிறது, பாருங்கள். நங்கூரமிட்டுத் தூண்டில் எறிந்துகொண்டிருந்தவர்களின் முகத்தில் அலை அடிக்கிறது. எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. திமிங்கலங்களும் இதே பங்கருக்காக வருகின்றன. ஹம்ப்பேக் திமிங்கலம் வாயைத் திறந்தபடி கீழிருந்து எழும்போது மேலே எந்தப் படகு நிற்கிறது என்று அது பார்ப்பதில்லை. பங்கர் மேற்பரப்பில் கொதிப்பதைக் கண்டால் அதன் மேல் படகைக் கொண்டுபோகாதீர்கள்.

பொறுங்கள், கம்பு வளைகிறது. கனமான மோஜோ!

படகை நிறுத்தவில்லை, கவனியுங்கள். நிறுத்தினால் இன்னொரு தூண்டில் தரையில் இறங்கிவிடும். வேகத்தைக் குறைத்து, அப்படியே கூட்டத்துக்கு வெளியே வருகிறேன், பிறகு நரம்பைச் சுற்றி இழுக்கிறேன். வருகிறது... பெரிய மீன். அளவுகோலை வைக்கவே வேண்டாம், 31 அங்குலத்தைத் தாண்டியது. 2023 முதல் இங்கே விதி இதுதான்: 28 முதல் 31 அங்குலத்துக்குள் இருக்கும் ஒரு மீன், ஒரு நாளைக்கு. இது தண்ணீருக்குத் திரும்பும்.

இந்த விதியைப் பலர் திட்டுகிறார்கள். நான் ஆதரிக்கிறேன். 1980-களில் இந்த மீன் அழிவின் விளிம்புக்குப் போனது. மேரிலாந்து 1985-இல் முழுத் தடை போட்டது, 1990 வரை நீடித்தது. 1995-இல்தான் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். இப்போது மறுபடியும் செசபீக் விரிகுடாவில் மேரிலாந்து ஆண்டுதோறும் எடுக்கும் குஞ்சுக் கணக்கு 2019 முதல் சராசரிக்கு வெகு கீழே கிடக்கிறது. முட்டையிடுபவை இந்தப் பெரிய பெண் மீன்கள்தான். விட்ட மீன்களிலும் 100-க்கு 9 செத்துப்போவதாக வைத்துத்தான் அறிஞர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஆகவே ஒற்றை முள் போடுங்கள், ஈரக் கையால் பிடியுங்கள், வயிற்றைத் தாங்குங்கள், புகைப்படத்துக்காக நேரம் கடத்தாதீர்கள். கடல் குளிர்ந்திருப்பது மீனுக்கு நல்லது, சீக்கிரம் தெம்பு பெறும்.

போய்விட்டது, வாலால் ஓர் அடி கொடுத்துவிட்டு!

தெற்கே இறங்கும் சுற்றில் மறுபடி சேரப் போகிறேன். இந்த முறை லேசான மோஜோவை இன்னும் 20 அடி கூடுதலாக விட்டுப் பார்க்கலாம். கேமராவை இங்கேயே மாட்டிவிடுகிறேன், இரண்டு கையும் வேண்டும்.